சும்மா இருக்கும் மணித்தியாலங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கை என்றதும் நமது சிறுகதைகளிலும் நாவல்களிலும் வழக்கமாக வரும் காட்சிகள் சில உண்டு. கன்டீன் மேசை, காதல், போராட்டம், பரீட்சை, கடைசி நாள் கண்ணீர் என்பன அவை. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு மாணவரின் நாளில் பெரும் பகுதி இவற்றில் எதிலும் அடங்குவதில்லை. விரிவுரைக்கும் விரிவுரைக்கும் இடையில், எவரும் கணக்குக் கேட்காத மணித்தியாலங்கள் பல இருக்கின்றன. இன்று அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட இறுதி வருட மாணவி. இந்த அரையாண்டில் எனது நேரசூசியில் கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம் விரிவுரை இருக்கிறது. மீதி நேரம் என்னுடையது. விடியற்காலை விடுதியில் குளியலறைக்கு வரிசை, பாணும் பருப்பும், பிறகு மரநிழலில் நடந்து எட்டு மணி விரிவுரை. பத்து மணிக்கு அது முடிந்தால் அடுத்த விரிவுரை இரண்டு மணிக்கு. நடுவிலுள்ள நான்கு மணித்தியாலத்தில் நூலகத்தில் இருப்பேன். ஒரு புத்தகத்தைத் தேடிப் போய் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்றைப் படிப்பேன். பிறகு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மகாவலிக் கரையில் உட்காருவேன். ஆறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதையாவது யோசிப்பேன். சில நாட்களில் எதையும் யோசிக்கவும் மாட்டேன்.

பின்னேரம் வீட்டிலிருந்து அழைப்பு வரும். அம்மா கேட்பது எப்போதும் ஒன்றுதான்:

"என்னா புள்ள, சாப்புட்டியா? இன்னைக்கு என்னா படிச்ச?"

முதலாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது கேள்விக்கு "சும்மா இருந்தேம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் "சும்மா" என்பது ஒரு வசைச் சொல்.

அம்மா கொழுந்து பறிப்பவர். அவருடைய நாளில் சும்மா என்பதற்கு இடமே கிடையாது. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் பதிந்து மலை ஏறினால், பிறகு எல்லாம் நிறுவையில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ. அதற்குக் குறைந்தால் அரைப் பேர். மழை பெய்தாலும், அட்டை கடித்தாலும், மலை செங்குத்தாக இருந்தாலும் தராசுக்கு அதெல்லாம் தெரியாது. நிமிர்ந்து நின்று இடுப்பில் கை வைத்தால், "என்னா, சும்மா நிக்கிற?" என்று கங்காணியின் குரல் கேட்கும். வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் விறகு, தண்ணீர், அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாள். இருபத்தைந்து வருடமாக மலை ஏறும் ஒரு பெண்ணிடம், நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 1000 ரூபாவாக்கப்பட்டிருந்தது. ஆகவே என்னுடைய மாதப் பணம் அம்மாவின் ஐந்து நாள். 2024இல் அடிப்படை நாட் சம்பளம் 1350 ரூபாவானது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்போது பிரித்துப் பார்த்தபோதும் ஐந்தரை நாளுக்குச் சற்று மேல்தான் வந்தது. இந்தப் பணத்தில் சாப்பாடும் பஸ் காசும் போட்டோக் கொப்பிச் செலவும் முடியாது. மீதி அம்மாவின் பறியிலிருந்து வரும். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் புடைவைக் கடை ஒன்றில் நிற்கும் என் தம்பியிடமிருந்தும் வரும். அவனுடைய நாள் கடை திறப்பதில் தொடங்கிக் கடை பூட்டுவதில் முடிகிறது. போன வருடம் நான் சனி, ஞாயிறுகளில் கண்டியில் வேலை ஒன்று தேடட்டுமா என்று கேட்டபோது அவன் சொன்னான்:

"நீ சும்மா இரு அக்கா. நான் பாத்துக்கிறேன்."

பாருங்கள், அதே சொல். மலையில் அது வசை. தம்பியின் வாயில் அது எனக்குத் தரப்பட்ட ஒரு வரம். ஞானிகள் சும்மா இருத்தலை உயர்ந்த நிலை என்றார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த நிலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அது தவத்தால் வந்ததல்ல. இரண்டு பேரின் உழைப்பால் வந்தது.

அப்படியென்றால் இந்த மணித்தியாலங்களுக்கு என்ன பெறுமதி?

இந்தப் பல்கலைக்கழகத்தை அமைத்தவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தோன்றியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர் தங்கிப் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை அவர் பேராதனையில் உருவாக்க விரும்பினார். 1952இல் மாணவர்கள் இங்கே குடிவந்தார்கள். விடுதிகள், நூலகம், விளையாட்டு மைதானம், நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டதன் கருத்து தெளிவானது. கல்வி விரிவுரை மண்டபத்தில் மட்டும் நிகழ்வதல்ல. சாப்பாட்டு மேசையிலும் மரத்தடியிலும் நடுநிசிப் பேச்சிலும் நிகழ்வது.

அது வீண் நம்பிக்கை அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் "மனமே" 1956இல் மேடையேறியது. அதில் நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமங்களில் ஒதுங்கிக் கிடந்த நாட்டுக்கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலியவற்றை ஆடியவர்களும் மாணவர்களே. தாளக்கட்டும் ஆட்டமும் எந்த நேரசூசியிலும் இருக்கவில்லை. அவை பின்னேரங்களில் பழகப்பட்டவை. அக்காலத்துத் தமிழ் மாணவர்கள் தங்கள் சிறுகதைகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்கள். ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி, யாரும் கணக்குக் கேட்காத மணித்தியாலங்களில் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

எனினும் இந்தப் பெருமையைச் சொல்லும்போது எனக்குள் இன்னொரு ஆண்டு வந்து நிற்கிறது. தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு இந்த நாடு திட்டம் தீட்டிக்கொண்டிருந்த அதே தசாப்தத்தில்தான், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. என் அம்மாயியும் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரும் நாடற்றவர்களானார்கள். நாட்டின் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரையில் இருந்து யோசிக்க இடம் ஒதுக்கப்பட்டபோது, எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இருக்கவில்லை. இன்னுமொன்று. பல்கலைக்கழகம் அமைந்த காணி அதற்கு முன்னர் "நியூ பெரதெனிய" என்ற தோட்டம். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலும் ஒரு காலத்தில் பேர் பதிந்திருப்பார்கள். இங்கேயும் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது, யாரோ ஒருவர் அதட்டியிருப்பார். அந்த நினைவு வந்த நாளிலிருந்து இந்தப் புல்லின் மேல் நான் சற்று வேறு விதமாகத்தான் உட்காருகிறேன்.

நாங்கள் உள்ளே வந்த 2022ஆம் ஆண்டு நெருக்கடி ஆண்டு. மின்வெட்டு அன்றாட வழக்கமாக இருந்தது. விடுதியில் விளக்கு அணைந்தால் படிக்க முடியாது. தொலைபேசியில் இருக்கும் மின்னையும் மிச்சம் பிடிக்க வேண்டும். ஆகவே பேசுவோம். அந்த இருட்டில்தான் மன்னாரிலிருந்து வந்த தோழி தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னாள். கடலுக்குப் போகாத நாளிலும் அவர் சும்மா இருப்பதில்லை, வலையை விரித்துக் கிழிசல் பார்ப்பார் என்றாள். மட்டக்களப்புத் தோழி, நெல் காயும் நாட்களில் மாடும் கோழியும் வராமல் காவல் இருந்த தன் தாயாரைப் பற்றிச் சொன்னாள். நான் பிரட்டுக் களத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாது என்பதும், எங்கள் மூவருடைய வீட்டிலும் சும்மா இருக்க யாருக்கும் நேரமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. எந்த விரிவுரையிலும் கிடைக்காத சமூகவியல் அது.

நூலகத்தில் ஒரு நாள் வேறொரு புத்தகத்தைத் தேடியபோது கண்ணில் பட்டது, ஸி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த "மலைநாட்டு மக்கள் பாடல்கள்". 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர் அவர். தோட்டத்து மக்களின் வாயில் இருந்த பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண்கள் யோசிக்காதவர்கள் அல்ல. கொழுந்து கிள்ளும்போதும் தாலாட்டும்போதும் அவர்கள் யோசித்தார்கள், துக்கித்தார்கள், கங்காணியைக் கேலி செய்தார்கள். கைக்குத்தான் ஓய்வில்லை, மனம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆனால் அதை எழுதி வைக்க அவர்களிடம் எழுத்தும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்கவும் எழுதவும் ஒருவர் வந்தபோதுதான் அது இலக்கியமாயிற்று.

யோசனை எங்கும் பிறக்கும். அது நிலைப்பதற்குத்தான் ஓய்வு வேண்டும். மாணவருக்குக் கிடைக்கும் அந்த மணித்தியாலங்களின் பெறுமதி இதுதான் என்பது என் கருத்து. அது எங்களுக்குச் சொந்தமான சொத்து அல்ல. யோசித்ததை எழுத நேரமில்லாதவர்கள் எங்களிடம் ஒப்படைத்த நேரம்.

இந்த நேரம் இன்று குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செலவு கூடியபின் என் வகுப்பில் பலர் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வார இறுதியில் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மீதி நேரத்தை எங்கள் கையிலிருக்கும் தொலைபேசி விழுங்குகிறது. நாட்டில் பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1998இல் வந்தும் அது முற்றாக ஒழியவில்லை. புதிய மாணவரின் மானத்தோடு அவருடைய நேரத்தையும் பறிப்பது அந்தக் கொடுமை. வெளியில் உள்ளவர்களோ, "படித்து முடித்து என்ன உத்தியோகம்?" என்ற ஒரே கேள்வியைத்தான் எங்களிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ பல்கலைக்கழகம் போகும் பிள்ளை இருந்தால், இடைக்கிடை இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். "இந்தக் கிழமை நீ என்ன யோசித்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளை தடுமாறலாம். அந்தத் தடுமாற்றமும் நல்லதே.

என்னிடம் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. அம்மாவிடமும் அயல் லயத்துப் பெண்களிடமும் கேட்டதையெல்லாம் அதில் எழுதுகிறேன். கவ்வாத்து, கொந்தரப்பு, அரைப் பேர் என்று அவர்கள் பாவிக்கும் ஒவ்வொரு சொல்லையும், அந்தச் சொல்லோடு வரும் கதையையும் எழுதுகிறேன். இது பரீட்சைக்கு வராது. போன விடுமுறையில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு அடுப்படியில் இருந்தபோது, அம்மாவிடம் ஒன்று கேட்டேன். "ஒனக்கு ஒரு நாள் பூரா சும்மா இருக்கக் கெடைச்சா என்னாம்மா செய்வ?"

அம்மா விறகைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"மொதல்ல தூங்குவேன் புள்ள."

"அதுக்குப் பொறகு?"

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார்.

கொப்பியில் அந்தக் கேள்வியை எழுதி, கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.