எற்பாடும் ஒளிப்படமும்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நெய்தல்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்தீர்கள். சங்கப் பாடல்களை விரித்துரைப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ கடற்கரை மாலையை ஒளிப்படமாக்கும் கலையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கல்லூரி விடுமுறைதோறும் காமிராவும் கையுமாய்க் கடற்கரை நோக்கி ஓடுபவள் இவள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் தந்த பொருளை விட்டு நான் விலகிவிடவில்லை. ஒளிப்படக் கலையில் நான் செய்த ஒரு பிழையை எனக்கு உணர்த்தியது நெய்தல் திணையே. அப்பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் நெய்தலுக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. அது கதிர் சாயும் பொழுதா, கதிர் எழும் பொழுதா என உரையாசிரியரிடையே கருத்து மாறுபாடு உண்டு. கதிர் சாயும் பொழுது என்னும் பொருளையே நான் இங்குக் கொள்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள், புள்ளும் மீனும் மக்களும் தொழிலும் கருப்பொருள், இரங்கல் உரிப்பொருள். பாடலுள் பயின்று வருங்கால் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அவர் துணிபு. இவ்வரிசையைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் படம் அமைக்கும் முறையைப் பார்ப்போம். கதிர் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரைக்குச் சென்றுவிட வேண்டும். நிற்குமிடத்தைத் தேர்ந்து, காமிராவை மூன்றுகால் தாங்கியில் நிறுத்தி, அடிவானக் கோடு சாயாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் ஒருபுறம் சரிந்து வழிவது போன்ற படத்தை எவ்வளவு அழகிய வண்ணமும் காப்பாற்றாது. அக்கோடு படத்தை நடுவில் இரண்டாக வெட்டாதிருத்தல் பெரும்பாலும் நலம். வானம் சிறப்புற்றிருந்தால் கோட்டைத் தாழ்த்தலாம். ஈரமணலில் செவ்வொளி படிந்திருந்தால் உயர்த்தலாம். முன்புறத்தில் ஒரு பாறையோ படகோ மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளோ இருப்பின், பார்ப்பவர் கண் அதைப் பற்றிக்கொண்டு தொலைவுக்கு நடக்கும். அலை மீளும்போது அரை நொடி ஒளி ஏற்றால் நுரை வெண்கோடுகளாக நீளும். ஐந்நூற்றில் ஒரு பங்கு நொடி ஏற்றால் ஒவ்வொரு துளியும் தனித்து உறையும்.

இனிப் பொழுது. நம் தென்கோடியில் கதிர்வட்டம் கடலைத் தொட்ட பின் முழுவதும் மறைய ஏறத்தாழ 2 நிமிடமே ஆகும். கவிஞர்களுக்கு உரிய ஒரு செய்தியும் இங்குண்டு. வளிமண்டலத்தில் ஒளி வளைந்து வருவதால், வட்டத்தின் அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் அக்கணத்திலேயே உண்மைக் கதிரவன் அடிவானுக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கிறான். நாம் கண்டு மகிழ்வது முன்னமே சென்றுவிட்ட ஒருவனின் உருவத்தையே! அவ்வுருவமும் மறைந்தவுடன் பலர் கருவியை மூடிவிட்டுப் புறப்பட்டு விடுகின்றனர். மெய்யான வண்ணம் பல நாள்களில் அதன் பின்னரே விரிகிறது. அந்தி ஒளி நிற்கும் அடுத்த 20 நிமிடத்தை இழத்தலாகாது.

சோழமண்டலக் கரையினர்க்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சென்னையிலும் நாகையிலும் கதிரவன் கடலில் மூழ்குவதில்லை. ஊருக்குப் பின்னே மறைகிறான். அங்கே நிற்பவர் கதிரவனுக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கட்டும். வானம் தெளிந்திருந்தால் கீழ்வானில் நீலச்சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெல்ல எழும். அதன்மேல் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். அச்சாம்பல் பட்டை வானில் விழுந்த நம் பூமியின் நிழல். கீழைக்கரையில் நின்றுகொண்டு கதிரவனைக் கடலில் வீழ்த்திப் பாடும் கவிதைகள் நம் வட்டத்திலும் உண்டு. அவர்கள் பூமியின் நிழலைக் கண்டிருந்தால் இன்னும் நல்ல கவிதை கிடைத்திருக்கும்.

எடுத்த படத்தைச் செப்பம் செய்வது அடுத்த நிலை. ஒளிமிகுந்த வானையும் இருண்ட பாறையையும் நம் கண் ஒருசேரக் கண்டுகொள்கிறது. கருவியால் அது எளிதில் இயல்வதில்லை. வானுக்கு ஏற்ப ஒளியளந்தால் கரை கருகும். கரைக்கு ஏற்ப அளந்தால் வானம் வெளுத்துவிடும். வைட் பேலன்ஸ் என்னும் அமைப்பைத் தானியங்கியாக விட்டாலோ, மாலையின் செம்மையையே குற்றமெனக் கருதிக் கருவி அதைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே கணினியில் நிழலைச் சற்றே உயர்த்துவதும், செம்மையை மீட்பதும், இருவேறு அளவில் எடுத்த படங்களை இணைப்பதும் ஏமாற்று ஆகா. இவ்வழக்கம் கணினிக்கு மிக முற்பட்டது. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857-ஆம் ஆண்டளவில் எடுத்த 'பேரலை' என்னும் படம் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடி நெகடிவ்களை அடிவானக் கோட்டில் பொருத்தி அச்சிடப்பட்டது. அன்றைய நெகடிவ் நீல ஒளிக்கு மிகையாக இசைந்ததால் வானம் வெளுத்துவிடும். அக்குறைக்கு அவர் கண்ட மாற்று இது. எனினும் வேறொரு நாளின், வேறோர் இடத்தின் வானைக்கூட அவர் சில வேளைகளில் இணைத்ததுண்டு. எங்கே திருத்தம் முடிந்து புனைவு தொடங்குகிறது என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

அவ்வினா என்னிடமும் வந்தது. 2018 சனவரியில் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் ஒரு படம் எடுத்தேன். பாறைகள், பொன் உருகிய கடல், தொலைவில் ஓரிரு படகுகள், அடிவானில் பாதிக் கதிர். எல்லாம் எண்ணியவாறே அமைந்தன. இடப்புற ஓரத்தில் மட்டும் பாறைமீது ஒரு பெண் அமர்ந்திருந்தார். அருகில் ஓர் அலுமினியச் சட்டி. அவர் முகம் கடலையே நோக்கியிருந்தது. படத்தின் சமநிலையை அவர் கெடுப்பதாக எனக்குப் பட்டது. வீடு திரும்பியதும் கணினியில் அவரை அழித்து, அவ்விடத்தைப் பாறையால் நிரப்பினேன். ஐந்து நிமிட வேலை.

கல்லூரிக் கண்காட்சியில் அப்படத்தைப் பலரும் பாராட்டினர். அக்கடற்கரையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மட்டும் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, கரையில ஒருத்தர்கூட இல்லையா? ஒக்கிக்குப் பிறகு சாயங்காலம் எங்க கரை இப்படி வெறிச்சுன்னு இருந்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவே இல்லை. நான் படமெடுத்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. இருபது ஆண்டுகளாக 'நெய்தலின் உரிப்பொருள் இரங்கல்' எனக் கரும்பலகையில் எழுதிவரும் நான், அவ்விரங்கல் கண்முன்னே அமர்ந்திருந்தபோது அதைப் படத்தின் குறை எனக் கருதி அழித்திருக்கிறேன்! முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்னும் வரிசையைத் தலைகீழாக்கி, நிலத்தையும் பொழுதையும் காக்க மனிதரை நீக்கியிருக்கிறேன். அவர் யாருக்காகக் காத்திருந்தார், அல்லது காத்தே இருந்தாரா, நான் அறியேன். பத்தடி தொலைவில் நின்றும் ஒரு சொல் கேட்கவில்லை. அழித்ததினும் பெரிய பிழை அதுவே.

மூலப்படத்தை மீண்டும் திறந்தேன். நிழலைச் சிறிது உயர்த்தினேன், செம்மையை மீட்டேன், வேறெதையும் தொடவில்லை. படம் இப்போது இடப்புறம் சற்றே கனத்துத்தான் இருக்கிறது. அக்கனம் அங்கே இருக்க வேண்டியதே. அம்மாணவிக்கு அதைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பாராட்டவுமில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவிஞர் பெருமக்களே! நாமும் கவிதையைச் செப்பம் செய்கிறோம். ஓசைக்கு இடையூறு என ஒரு சொல்லையும், உவமைக்குப் பொருந்தவில்லை என ஒரு மனிதரையும் நீக்குகிறோம். நிழலில் கிடப்பதை வெளிச்சத்திற்குக் கொணரும் திருத்தம் வேறு. இருப்பவரை இல்லாதவராக்கும் திருத்தம் வேறு. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இந்த வேற்றுமையை மறவாது நூறாண்டு வாழ்க என வாழ்த்தி அமைகிறேன்.