இரத்த தானம்: படிவத்தில் பொய் வேண்டாம்
(நாசரேத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் ஒருவருக்கு அவசரமாக இரத்தம் வேண்டும் என்று தகவல் வந்தால், உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற வாலிபர்கள் நீங்கள். நோயாளி எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. இதற்காக உங்களைப் பாராட்ட நான் இங்கே நிற்கவில்லை. பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் இரத்தம் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். "கொடுங்கள், கொடுங்கள்" என்று முழங்கும் மேடைகளில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

பக்கத்து மாவட்டமான விருதுநகரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2018 நவம்பர் 30. சிவகாசி அரசு மருத்துவமனையில் 19 வயது வாலிபர் ஒருவர், உறவினருக்காக இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி, இரத்தச் சோகையோடு வந்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதை ஏற்றினார்கள். சில நாட்களில் அந்த வாலிபர் வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் போனார். நம் வீட்டுப் பிள்ளைகள் சவூதிக்கும் துபாய்க்கும் போகும் முன் எடுக்கிறார்களே, அதே போன்ற மெடிக்கல்தான். எச்.ஐ.வி. இருப்பதாக முடிவு வந்தது. அவர் ஒளிக்கவில்லை, தாமாகவே சென்று மருத்துவமனையில் சொன்னார். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. 2016-இலேயே அவர் ஒருமுறை இரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை! தன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழானதே என்ற வேதனையில் விஷம் குடித்த அந்த வாலிபர், டிசம்பர் 30-ஆம் தேதி மதுரையில் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டில் உத்தரவிட்டது.

குற்றம் பரிசோதனைக் கூடத்தின் மீதுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018-இல் 19 வயது என்றால் 2016-இல் அவருக்கு என்ன வயது இருந்திருக்கும்? 18 நிரம்பாதவரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அன்று அந்த ஒரு கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருந்தால்?

ஆகவேதான் படிவத்தைப் பற்றிப் பேசுகிறேன். இரத்த வங்கியில் உங்களிடம் தரும் தாளை, கடையில் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவது போல் படிக்காமல் போட்டுவிடுகிறீர்கள். எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் சோதித்தே ஆகவேண்டும். "அதுதான் டெஸ்ட் இருக்கிறதே, நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்பீர்கள். கிருமி உடம்பில் புகுந்த முதல் சில நாட்களில், சில வேளை சில வாரங்கள் வரை, எந்தச் சோதனையிலும் அது தட்டுப்படாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைக்க உங்கள் நாவில் இருக்கும் உண்மையைத் தவிர வேறு கருவி கிடையாது. தவறான உறவு, போதை ஊசி என்று சந்தேகத்துக்கு இடமான எது இருந்தாலும், இரத்தம் கொடுக்காமல் விலகிக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இரத்த தான முகாமுக்குப் போகாதீர்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், இரகசியம். தொற்று இருந்தாலும் அரசே மாத்திரை தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம். அந்தச் சிவகாசி வாலிபருக்கு 2016-இலேயே இதைச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனார்.

படிவத்தில் முகவரியையும் போன் நம்பரையும் சரியாக எழுதுங்கள். முடிவைத் தெரிவிக்கச் சம்மதமா என்று கேட்டால், சம்மதம் என்று எழுதுங்கள்.

இப்போது வியாபாரப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. கடைப் பையன்கள் பத்துப் பேரை வண்டியில் ஏற்றி முகாமுக்கு அனுப்புகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முதலாளி அனுப்பிவிட்டார் என்பதற்காக, போன மாதம் காமாலை வந்து தேறிய பையன் வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்கிறானே, அந்தப் பாவம் யாரைச் சேரும்? இயக்கத்தினரும் இப்படித்தான். 'இத்தனை யூனிட்' என்று போஸ்டர் அடிக்கும் ஆசையில், "எனக்கு முடியாது" என்று சொன்னவனைக் கோழை என்று கேலி செய்கிறோம். காசுக்கு இரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின் வழியே ஒழித்தார்கள். காசு வாங்கியவன் உண்மையை மறைத்தான் என்பது அதற்கு ஒரு காரணம். வெட்கத்துக்கும் வற்புறுத்தலுக்கும் பயந்தவனும் மறைக்கத்தானே செய்வான்? நூறு யூனிட்டைவிட, கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொன்ன நாற்பது பேரின் இரத்தமே எனக்குப் பெரிது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 18 முதல் 65 வரை. முதன்முறை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். மலேரியா வந்து குணமானவர் மூன்று மாதமும், டைபாய்டு வந்தவர் ஓராண்டும் பொறுக்க வேண்டும். பச்சை குத்தியவரும் நாய்க்கடி ஊசி போட்டவரும் அப்படியே ஓராண்டு. பி அல்லது சி வகைக் காமாலை வந்தவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் கொடுக்கவே கூடாது. உடம்பைக் கீறி ஹிஜாமா செய்துகொண்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் முடிவு செய்யட்டும்.

எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. நம் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ ஐந்து லிட்டர். குறைந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும்; சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். ஊசியும் பையும் உங்கள் கண் முன்னே புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். கொடுத்து முடித்ததும் எழுந்து ஓடாமல் கால் மணி நேரமாவது இருந்து, ஜூஸோ தண்ணீரோ குடியுங்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூட்டை தூக்க வேண்டாம். போகும்போதே துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று, திரும்பும்போது அவரை வண்டி ஓட்டச் சொல்லுங்கள்.

நம் கடற்கரைக்கென்றே எழுதியது போல ஒரு விதியும் இருக்கிறது. நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர்களும், கடல் மட்டத்துக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் இரத்தம் கொடுத்தபின் 24 மணி நேரம் கழித்தே பணிக்குப் போக வேண்டும். முத்துக்குளிப்பு நம் காலத்தில் இல்லை. ஆனால் சங்கு குளிக்கப் போகிற சகோதரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று இரத்தம் கொடுத்துவிட்டு நாளை விடியலில் கடலுக்குள் இறங்காதீர்கள். இராத்திரி துறைமுகத்தில் கண்விழித்து வேலை பார்த்தவரும் தூங்கி எழுந்தபிறகு வரட்டும்.

ரமளானில் என்ன செய்வது என்று ஒரு சகோதரர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். வெறும் வயிற்றோடு இருப்பவரிடமும் நோன்பு வைத்திருப்பவரிடமும் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது இரத்த வங்கியின் விதி. மயங்கி விழுவீர்கள் என்பதால்தான். நோன்பு திறந்து, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு இரவில் போங்கள். அந்த மாதத்தில் முகாம் நடத்துகிறவர்கள் மாலைக்குப் பிறகு நேரம் வைக்கும்படி இரத்த வங்கியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.