குடும்பம், கோர்ட், குற்ற வழக்கு: நண்பர்கள் தனியே கேட்கும் கேள்விகள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீலாக இருப்பவனுக்கு இந்த மாதிரி விழாக்களில் ஒரு தனி மரியாதை உண்டு. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் யாராவது தோளைத் தொட்டு, "ஒரு நிமிஷம் வாப்பா, ஒரு சொந்தக்காரருக்காகக் கேக்கறேன்" என்று ஓரமாக அழைத்துப் போவார்கள். யாரும் தனக்காகக் கேட்பதில்லை. எல்லாம் சொந்தக்காரருக்குத்தான்! அப்படி வந்த கேள்விகளை, கேட்டவர் யார் என்று சொல்லாமல், இங்கே பொதுவில் வைக்கிறேன். நமக்கு வராது என்று யாரும் காதை மூடிக்கொள்ள வேண்டாம். வரக்கூடாது என்பதுதான் என் ஆசையும். ஆனால் வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

முதல் கேள்வி: "பெரியவங்க முன்னாடி பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. விவாகரத்து ஆயிடுச்சுதானே?"

ஆகவில்லை. இதை எத்தனை மேடையில் சொன்னாலும் போதாது. நோட்டரி முத்திரை இருந்தாலும், ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தைக் கோர்ட்தான் ரத்து செய்ய முடியும். வழக்காற்று மணமுறிவு சில சமூகங்களில் உண்டு. சட்டத்தின் 29-ஆவது பிரிவு அதை ஏற்கவும் செய்கிறது. ஆனால் அந்த வழக்கம் அந்தச் சமூகத்தில் காலங்காலமாக இருக்கிறது என்று சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரம் போதாது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கும் காகிதத்துக்கும் இதே கதிதான். விவாகரத்து கொடுக்கவோ, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவோ காவல்துறைக்கு அதிகாரம் இல்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கதை. இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எழுதிக் கொடுத்தாச்சு, இனி ஒண்ணும் கேக்க முடியாது" என்று அண்ணன்மார் சொன்னதை நம்பி, இரண்டு பிள்ளைகளைத் தையல் மெஷினை வைத்தே ஒன்பது வருஷம் வளர்த்திருக்கிறார். பெரியவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத நிலையில்தான் வந்தார். பத்திரத்தைப் படித்துவிட்டு, "அம்மா, சட்டப்படி நீங்க இன்னும் அவருக்கு மனைவிதான்" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "அப்ப இந்த ஒன்பது வருஷம்?" என்று கேட்டார். அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தோம். போன வருஷங்கள் போனவைதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அது இருதார மணக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இரண்டாவது: "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா சீக்கிரம் முடியுமா?"

முடியும். இதற்கான 13 பி பிரிவு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிறகு சேர்ந்து மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வருவதற்கு முன் ஒருவர் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கிறித்தவர்களுக்கும் 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பரஸ்பர சம்மத வழி இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் உண்டு.

ஒருவருக்குச் சம்மதம் இல்லை என்றால், கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போதல், பிறரோடு உறவு என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். "எங்களுக்குள்ள ஒத்துப்போகலை" என்பது மட்டும் குடும்ப நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. சீர்செய்ய முடியாத அளவுக்கு முறிந்த மணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்படி உண்டு என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. அதைப் பேப்பரில் படித்துவிட்டு மாவட்டக் கோர்ட்டில் வந்து கேட்பவர்கள் நிறைய.

மூன்றாவது, வெளிநாட்டு நண்பர்களுக்காக: "அங்கேயே டைவர்ஸ் வாங்கிட்டேன், போதாதா?"

பல சமயம் போதாது. இங்கே இந்து முறைப்படி மணந்தவர்களுக்கு, இந்தியச் சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல், எதிர்த்தரப்பு கலந்துகொள்ளாமல் வெளிநாட்டில் வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் மனமொப்பி அந்தக் கோர்ட்டுக்குப் போயிருந்தால் நிலைமை வேறு.

நான்காவது, என்னை எப்போதும் தூங்கவிடாத கேள்வி: "பிள்ளை யாருக்கு?"

அப்பாவுக்கா, அம்மாவுக்கா என்று கேட்கிறார்கள். கோர்ட் அப்படிக் கேட்பதில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் கேட்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலன் என்கிறது. சம்பளம் அதிகம் வாங்குபவருக்கே பிள்ளை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; வசதி உள்ளவர் செலவுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் உண்டு. சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டால்? 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவை இங்கே கருத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குழந்தையின் நலனே முதலிடம் என்று 2017-இல் தீர்ப்பு இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. குடும்ப நீதிமன்ற வராந்தாவில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "ஜட்ஜ் கேட்டா யாரோட போறேன்னு சொல்லணும்?" என்று ஒத்திகை பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும்.

ஐந்தாவது: நகையும் ஜீவனாம்சமும்.

பெண் வீட்டில் போட்ட நகை, அவளுக்கு வந்த பரிசு எல்லாம் சீதனம். அது அவளுக்கே முழுச் சொத்து என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவன் வீட்டார் வைத்துக்கொண்டு தர மறுத்தால் நம்பிக்கை மோசடி வழக்குக்கூட வரும். நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ஜீவனாம்சத்துக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144. வயதான தாய் தந்தையரும் இதே பிரிவில் கேட்கலாம் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கவும்! இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. "வேலையை விட்டுட்டேன் சார்" என்ற பழைய வித்தை முன்போல் எடுபடாது.

வீட்டை விட்டுத் துரத்தினால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு, குடியிருப்பு, பண உதவி மூன்றையும் கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அது கூட்டாக வாழ்ந்த இல்லமாக இருந்தால் குடியிருப்பு உரிமை கேட்க முடியும் என்று 2020-இல் தீர்ப்பாகியிருக்கிறது. வீடே அவளுக்குச் சொந்தமாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஆறாவது: "498 ஏ போட்டா குடும்பத்தையே தூக்கிட்டுப் போவாங்களாமே?"

இந்தப் பிரிவு 1983-இல் வந்தது. அடுப்பு வெடித்துச் செத்தாள் என்று இளம் மனைவியரின் சாவுச் செய்திகள் வந்த காலம் அது. வந்ததற்குக் காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85, 86-ஆவது பிரிவுகள். தண்டனை மூன்றாண்டு வரை. புகார் வந்த உடனே யந்திரம் போலக் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது ஏன் தேவை என்று எழுதி வைக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள்; நேரில் போய் ஒத்துழையுங்கள். முன்ஜாமீனுக்கும் வழி உண்டு.

புகார் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபத்தில் நாத்தனார், ஓரகத்தி, துபாயில் இருக்கும் கொழுந்தன் எல்லோர் பெயரையும் சேர்க்காதீர்கள். யார், எப்போது, என்ன செய்தார் என்று இல்லாத பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை வைத்து உறவினர்களை இழுக்கக்கூடாது என்று 2022-இலும் 2024-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பலவீனப்படுவது உண்மையான புகார்தான். போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது என்பதும் தெரிந்திருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பிறகு சமாதானமாகி, "கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றால் ஸ்டேஷனில் முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மனு போட்டு ரத்து செய்ய வேண்டும்.

கடைசியாக மாணவர்களுக்கு. ஊர்த் திருவிழாத் தகராறு, பஸ்ஸில் நடந்த அடிதடி என்று சின்ன வயதில் ஒரு கேஸ் விழுந்துவிட்டால், வேலைக்கான விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னவருக்கு அதிகாரி சூழ்நிலையைப் பார்த்து வேலை கொடுக்க இடம் உண்டு. மறைத்தவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரமே இதுதான். பாஸ்போர்ட்டுக்கும், கேஸ் நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கினால் வழி இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். இவை யாரும் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே" என்று யாரும் வீட்டில் முடங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களையும் இந்த மலரின் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் எத்தனையோ பேர் ஊரில் பெரிய மனிதராகிவிட்டோம். நாளைக்கு நம்மையும் ஒரு பஞ்சாயத்துக்கு அழைப்பார்கள். அப்போது ஒரு பெண்ணின் கையில் பேனாவைக் கொடுத்து, "போடும்மா கையெழுத்து" என்று யாராவது சொன்னால், "கொஞ்சம் பொறுங்க, முதல்ல அவ ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்" என்று சொல்ல அங்கே ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நம் கல்லூரியில் படித்தவராக இருந்தால், இவ்வளவு நேரம் நான் பேசியதற்குப் பயன் உண்டு.