அத்தையும் பதின்மூன்று எபிசோடும்

(பிரேசர் டவுனில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓய்வு பெற்ற பின் பொழுதை எப்படிப் பயனுள்ளதாகக் கழிக்கலாம் என்று பேசச் சொல்லி செயலாளர் உத்தரவு. ஓய்வுக்கு வெகு முன்பே ஒரு காரியத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதையே சொல்லிவிடுகிறேன்.

1996. எனக்கு வயது 47. மத்திய அரசு உத்தியோகம், மாஸ்க் ரோடுக்குப் பின்னால் வாடகை வீடு. மனைவி, இரண்டு பெண்கள், என் அத்தை. 1993-ல் சன் டி.வி. ஆரம்பித்ததிலிருந்தே சாயங்காலம் வீட்டில் யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. சரி, அந்தப் பெட்டிக்குள்ளிருந்தாவது பேசுவோம் என்று டி.வி.க்குக் கதை எழுதத் தீர்மானித்தேன். நடத்தை விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். முற்றிலும் இலக்கியம், கலை, விஞ்ஞானம் சார்ந்த எழுத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்று 1964-ம் வருஷ விதிகளிலேயே இருக்கிறது. ஆபீசர் புத்தி, முதலில் அதைத்தான் பார்க்கும்!

எனக்குத் தைரியம் தந்தவர் மனோகர் ஷியாம் ஜோஷி. உங்களில் பலருக்கு 'ஹம் லோக்' ஞாபகம் இருக்கும். தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7-ம் தேதி தொடங்கி அடுத்த வருஷக் கடைசி வரை ஓடியது. மேகி நூடுல்ஸ் விளம்பரமும் அதோடுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. அதை எழுதியபோது ஜோஷிக்கு வயது 50. அதற்கு முன் ஹிந்தி வாரப் பத்திரிகை ஆசிரியர். லக்னோவில் படித்த பி.எஸ்ஸி. நானும் பி.எஸ்ஸி., பௌதிகம். இந்தப் பொருத்தம் போதாதா?

போதவில்லை. அவர் கதையில் ஒரு முக்கியமான பகுதியை நான் கவனிக்கவில்லை. மெக்ஸிகோவில் மிகேல் ஸபிதோ என்பவர் தொடர் நாடகத்தின் மூலம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பினார். அதே வழியில்தான் நம் சர்க்காரும் 'ஹம் லோக்'கை ஆரம்பித்தது. முதல் 13 எபிசோடுகளில் உபதேசம் தூக்கல். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு உபதேசத்தைக் குறைத்து, குடிகார பஸேஸர் ராமையும் அந்த வீட்டுச் சண்டை சச்சரவுகளையும் முன்னால் கொண்டுவந்தார்கள். தேசமே பார்த்தது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வந்து பேசிய அசோக் குமாருக்கு 4 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் குவிந்தன.

என் கதை அத்தையின் கதை. 19 வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பளம் இட்டு விற்றாள். என் காலேஜ் பீஸ் அந்தப் பணம்தான். விதவைகளின் நிலை, பெண் கல்வி, சேமிப்பின் அவசியம் எல்லாவற்றையும் சேர்த்து 13 எபிசோடு எழுதினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மெயில் ஏறி, சனிக்கிழமை சென்னையில் ஒரு தயாரிப்பாளரைப் பார்த்தேன். நாலு பக்கம் புரட்டினார். "சார், இது சர்க்குலர் மாதிரி இருக்கு" என்றார்.

நல்ல மனுஷர்தான். பேப்பரை இரண்டாக மடித்து, இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது என்று எழுதக் கற்றுக்கொடுத்தார். அரை மணியில் விளம்பரம் போக 22, 23 நிமிஷம்தான் கதை, விளம்பரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி தொங்க வேண்டும் என்றார். கடைசியில் சொன்னார்: "இவ்வளவு நல்ல அத்தையை வைத்துக்கொண்டு 13 வாரம் ஓட்ட முடியாது. அவளை வில்லி ஆக்குங்க. சொத்தைத் தன் பேருக்கு மாத்தட்டும்."

ஆறு வாரம் ராத்திரி கண் விழித்து மாற்றி எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வடிவம்தான் நன்றாக வந்தது. பேனா தானாக ஓடிற்று. அத்தையின் நடை, இடுப்புச் சாவி, "அம்பி" என்று கூப்பிடும் குரல் எல்லாம் அப்படியே இருந்தது. புத்தியை மட்டும் மாற்றியிருந்தேன்.

ஒருநாள் அத்தை, "என்னடா அம்பி, தினமும் எழுதறே? படி, கேக்கறேன்" என்றாள். தட்ட முடியவில்லை. முதல் எபிசோடைப் படித்தேன். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நன்னா இருக்கு. இந்த மாதிரி மனுஷாளும் எங்கேயாவது இருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். புரிந்துதான் சொன்னாளா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

அதை நான் அனுப்பவில்லை என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். அனுப்பினேன், ரிஜிஸ்டர் தபாலில். நாலு மாதம் கழித்து, ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்று ஒரு கார்டு வந்தது. கையெழுத்துப் பிரதி திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் டி.வி.க்கு ஒரு வரி எழுதியதில்லை.

அத்தை 2003-ல் காலமானாள். கடைசி வரை சாயங்கால சீரியலுக்கு என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "உன் பேர் வரதான்னு பாருடா அம்பி" என்பாள்.