"எந்த வளவுங்க?"

(சேவூரில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கத்தியவாரில் தாழ்த்தப்பட்ட சமூகத்து ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டே நாளில் நோயில் விழுந்தார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். கெஞ்சியபிறகு, இரண்டு ரூபாய் பேசி, அந்தப் பெண்ணைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பி வந்தது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. ஆசிரியரே எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் வந்தது. அம்பேத்கர் அதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எடுத்துவைத்தார்.

இன்றும் அப்படியா? இல்லை. போன மாதம் இருமல் விடாமல் இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். பனியன் கம்பெனி, பஞ்சுத் தூசி என்றதும், "சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில இலவசம், அங்க எடுங்க" என்று எழுதிக்கொடுத்தார். நானே ஊசி கேட்டும் போடவில்லை. நல்ல டாக்டர். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அவரிடம் போகும்முன் ஒரு மேசை இருக்கிறது. பெயர், வயதுக்குப் பிறகு, "எந்த வளவுங்க?" என்றார்கள். சொன்னேன். அந்த நொடியில் 'ங்க' காணாமல் போனது. "அங்க போய் நில்லு." பெஞ்சில் இடம் இருந்தது. எனக்குப் பின்னால் வந்த இருவர் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். கிளினிக் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பேச்சு அந்த ஒரு ஆளோடு முடிந்துவிடும்.

2018 ஜூலையில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று மறித்தார்களே, அந்த வழக்கு பதிவானது நம் சேவூர் காவல் நிலையத்தில்தான். அப்படி வெளிப்படையாக மறித்தால் வழக்கு வரும். ஆஸ்பத்திரிக்குள் நுழையவிடாமல் தடுத்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். உள்ளே விட்டு, ஒரு 'ங்க'வை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

நடுவில் ஒரு மெல்லிய தடுப்புதான். டாக்டர் காதில் அந்தக் கேள்வி தினமும் விழுகிறது.

வேறு இடம் போகலாமே என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் நின்றால் ஷிப்ட் போச்சு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் எத்தனை பேர் கையில் கார்டு இருக்கிறது? இரவு எட்டு மணிக்கு நமக்குத் திறந்திருப்பது அந்த மேசைதான்.

அதனால் டாக்டரிடமே பேசுவோம். வந்த வரிசைக்கு டோக்கன் கொடுங்கள், வளவுக்குப் பதில் செல் நம்பர் எழுதுங்கள் என்று கேட்போம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. யார் யார் வருகிறீர்கள்?