அனுதாபம் காட்டினாலும் குற்றம்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பெற்றோர்கள், மாணவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் உண்டு. இன்று ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் லயமே கூடி வழியனுப்புகிறது. பேருந்து கிளம்பும் நேரத்தில் அம்மா கடைசியாகச் சொல்வது என்ன? "அங்க போயி எந்த வம்புக்கும் போகாத. வாய மூடிக்கிட்டுப் படி." என் அம்மாவும் இதைத்தான் சொன்னார். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1974-ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை படுத்துவிட்டது. கெடா மாநிலம் பாலிங்கில் ரப்பர் சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், வயிறு காய்ந்து வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காக டிசம்பர் 3-ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்வார் இப்ராஹிமும் விரிவுரையாளர் சைட் ஹுசின் அலியும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டனர். சைட் ஹுசின் அலி வெளியே வர ஆறு ஆண்டுகள் ஆயின.

அதற்கு அடுத்த ஆண்டே, 1971-இல் வந்த பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தை அரசாங்கம் இறுக்கியது. ஆக்கு என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். அரசியல் கட்சியில் மாணவர் சேரக்கூடாது என்று அது சொன்னது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதே 15-ஆவது பிரிவில் கட்சியோடு சேர்த்துத் தொழிற்சங்கமும் இருந்தது. உறுப்பினராவது மட்டுமல்ல, ஆதரவோ அனுதாபமோ எதிர்ப்போ தெரிவிப்பதாகத் தோன்றினாலே குற்றம். அபராதமும் சிறையும்கூட உண்டு. அந்தக் குற்றவியல் தண்டனையை எடுக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பா தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர். அந்தப் பணத்தில் பாதி மிச்சம் பிடித்துத்தான் மகளுக்குப் புத்தகம். அந்த மகள் வளாகத்தில் நின்று "என் அப்பாவின் சங்கம் கேட்கும் சம்பளம் நியாயமானது" என்று சொன்னால் நடவடிக்கைக்கு இடம் இருந்தது! பாட்டாளிக்காகப் பேசியதால் பிறந்த பூட்டு, பாட்டாளி பெற்ற பிள்ளையின் வாயிலேயே மாட்டப்பட்டது. ஆகவே இதை யாரோ பட்டணத்து மாணவர்களின் பிரச்சினை என்று தோட்டத்து மக்கள் ஒதுக்கிவிட முடியாது. 2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராப் பேரணிக்கு மக்கள் திரண்டபோதும் இந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது.

பூட்டை அசைத்தவர்கள் நான்கு மாணவர்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலைப் பார்க்கப் போனார்கள். பிரச்சாரப் பொருள்கள் வைத்திருந்ததாக ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அரசியல் படிப்பவன் தேர்தலைப் பார்க்கக்கூடாதாம்! அவர்கள் பணிந்துவிடவில்லை, வழக்குப் போட்டார்கள். 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிகளுக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதைத் தடுத்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2012-இல் மாணவர்கள் கட்சியில் சேர அனுமதி வந்தது. வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சரி, எல்லாம் முடிந்ததா? இல்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது. 2019 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், மலாய்க்காரர் தன்மான மாநாட்டில் பேசிய துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்று வோங் யான் கே என்ற மாணவர் மேடையில் ஓர் அட்டையைப் பிடித்தார். இனவாதம் வேண்டாம் என்று சொன்னவர்மீது போலீஸ் புகார் போனது.

தம்பி தங்கைகளே, எதற்கெடுத்தாலும் கத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்புதான் முதலில். ஆனால் நியாயமான ஒன்றைச் சொன்னதற்காக ஒரு கடிதம் வந்தால் பதறாதீர்கள். எந்த விதி, என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கேளுங்கள். அறைக்குள் தனியாகப் போய் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கடிதத்தை நகல் எடுத்து வையுங்கள். முக்கியமாக, வீட்டில் மறைக்காதீர்கள். என்னோடு படித்த ஒருவன் கடன் உதவி போய்விடுமோ என்று பயந்து வீட்டில் சொல்லாமலே படிப்பை விட்டுவிட்டுப் போனான். பிறகு விசாரித்தால், அது வெறும் எச்சரிக்கைக் கடிதம்!

பெற்றோர்களே, சம்பளத்துக்கும் வீட்டுக்கும் சங்கக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் உங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? அடுத்த முறை பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, "வாய மூடிக்கிட்டுப் படி" என்பதற்குப் பதில் "ஏதாவதுன்னா முதல்ல எங்ககிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள்.

நான் பேசியது போதும். இனி கேள்விகள். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.