ஒரு முறையா, ஆயிரம் முறையா?



ஓர் ஊரில் கல்யாணம். 300 பேர் சாப்பிட வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் தட்டு, ஒரு தண்ணீர்க் கப், ஒரு காபிக் கப். மொத்தம் எத்தனை? 900. சாப்பிட அரை மணி நேரம். காபி குடிக்க ஐந்து நிமிடம். பிறகு 900-மும் குப்பை.

அந்தக் குப்பை எங்கே போகிறது? கொஞ்சம் சாக்கடையை அடைக்கிறது. தண்ணீர் தேங்குகிறது. கொசு பெருகுகிறது. சோறு ஒட்டியிருப்பதால் மாடு தட்டையும் தின்கிறது. அதிலுள்ள பிளாஸ்டிக் செரிக்காமல் வயிற்றில் தங்குகிறது. மீதியைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை நஞ்சு.

“காகிதக் கப்தானே, மக்கிவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் காகிதத்தில் காபி ஊற்றினால் ஊறிப்போகும். அதனால் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூசுகிறார்கள். அது மக்காது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். கப்பில் 100 மில்லி சூடான தண்ணீர் 15 நிமிடம் இருந்தது. அதில் சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள்கள் கலந்தன. அவை கண்ணுக்குத் தெரியாதவை.

2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி ஆகியவற்றுக்குத் தடை வந்தது. ஆனால் பல இடங்களில் காகிதக் கப் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வட இந்தியாவில் மண் குவளையில் டீ தருவது பழைய வழக்கம். அதனால் குயவருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் குவளையைச் சூளையில் சுட எரிபொருள் வேண்டும். குடித்தவுடன் உடைத்தால் அத்தனையும் ஒரே டீக்குச் செலவு. ஒடிசா, ஜார்க்கண்ட் காட்டோரப் பெண்கள் சால் மரத்து இலைகளைத் தைத்துத் தட்டு செய்கிறார்கள். அது மண்ணோடு மக்கிவிடும்.

எவர்சில்வர் டம்ளர் செய்யவும் தாதுவைத் தோண்ட வேண்டும்; உலையில் உருக்க வேண்டும். ஒரே முறை பயன்படுத்தினால் அதுவும் நஷ்டமே. ஆயிரம் முறை கழுவிக் குடித்தால் அந்தச் செலவு ஆயிரமாகப் பிரிந்துவிடும். கழுவும் தண்ணீரிலும் சிக்கனம் வேண்டும். குழாயைத் திறந்து விடாமல் வாளியில் முக்கிக் கழுவினால் போதும்.

கேரளத்தில் 2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பெரிய கூட்டம். ஆனாலும் தூக்கியெறியும் தட்டு, கப்பைத் தவிர்த்து, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களை வைத்தார்கள். பிறகு அங்கே கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் இந்தப் பழக்கம் பரவியது.

ஓர் ஊரின் மகளிர் குழு 300 தட்டும் 300 டம்ளரும் வாங்கி வைக்கலாம். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வாடகைக்குத் தரலாம். கழுவுகிறவருக்குக் கூலி கிடைக்கும். வாடகைப் பணம் குழுவிலேயே சேரும். சாக்கடை அடைக்காது. மாடும் பிழைக்கும்.

கழுவினால் பாத்திரம். எறிந்தால் குப்பை. அடுத்த விசேஷத்துக்கு எது என்பதை ஊர் கூடி முடிவு செய்யட்டும்.